சூப் அண்டாவும் இரண்டாவது ஈக்கொல்லியும்

வியாழக்கிழமை காலை எங்கள் துப்பறியும் அலுவலகத்தில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தோம். பேச்சுக்குச் சொல்லவில்லை. செப்டம்பர் மாதம், கீழே இறைச்சிக் கடை, மேலே நாங்கள், ஜன்னல் திறந்திருந்தது. என் பாஸ் எங்கிராசியா ரொவிரோலா செய்தித்தாளைச் சுருட்டி மேஜைமேல் ஓங்கி ஒரு போடு போட்டாள். அதே நொடியில் கதவைத் திறந்துகொண்டு வந்த ஒரு பெண்மணி, நசுங்கிய ஈயையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"வரும்போதே கிண்டலா?" என்றாள்.

"உங்களை யாருன்னே தெரியாதேம்மா" என்றேன்.

"கிமேத்தா மாத்தமோஸ்கஸ்."

கத்தலான் மொழியில் மாத்தமோஸ்கஸ் என்றால் ஈக்கொல்லி. நான் அவசரமாகக் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தேன். என் செருப்பில் வார் கிடையாது.

எங்கள் ஜிரோனா பக்கத்தில் இந்தக் குடும்பப் பெயரோடு பிறப்பது சாமான்ய காரியமில்லை. எழுநூறு வருஷத்துக்கு முன்னால் பிரெஞ்சுப் படை நகரத்துக்குள் புகுந்து புனிதர் நார்சீஸின் கல்லறையை நோண்டப் போக, உள்ளேயிருந்து கிளம்பிய ஈக்கூட்டம் படையையே துரத்தியடித்ததாக ஐதீகம். ஈ எங்களுக்குக் காவல்காரன். காவல்காரனைக் கொன்ற பரம்பரை என்று அடையாள அட்டையிலேயே அச்சடித்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனால் மற்ற பிள்ளைகள் சும்மா விடுவார்களா?

"அறுபத்தி நாலு வருஷமா காதுக்குள்ள ஈ மாதிரி ஸ்ஸ்ஸ்னு கத்துறாங்க" என்றாள் கிமேத்தா. "அது பழகிடுச்சு. இப்ப அகப்பைக்கே ஆபத்து வந்திருக்கு."

பாஸ் நாற்காலியை இழுத்துப் போட்டாள். கிமேத்தா உட்கார்ந்து, பையிலிருந்து முழம் நீளத்துக்கு ஒரு சாசேஜை எடுத்து மேஜைமேல் வைத்தாள். அதை முன்பணம் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

விஷயம் இதுதான். பன்யோலஸ் நகரத்துக்கு மேற்கே சான் கிராவ் என்று ஒரு கிராமம். அங்கே செப்டம்பர் இரண்டாம் ஞாயிறு ஊர் முழுக்க ஒரே அண்டாவில் சூப் காய்ச்சும். ஓக் விறகு, பன்றி எலும்பு, முட்டைக்கோஸ், கொண்டைக்கடலை. அண்டாவைக் கிளறும் அகப்பை மாத்தமோஸ்கஸ் வீட்டுக்குச் சொந்தமான உரிமை. கிமேத்தாவின் கையில் அது நாற்பது வருஷமாக இருக்கிறது. ஆனால் சூப் சங்கத்தின் விதிப் புத்தகத்தில் ஒரு வரி உண்டு: முதல் குடும்பப் பெயர், அதாவது அப்பா வழிப் பெயர், மாத்தமோஸ்கஸ் என்று உள்ளவர்கள் ஊரில் குறைந்தது இரண்டு பேராவது குடியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் அகப்பை பக்கத்து வீடான ஃபுமேரா வீட்டுத் தலைவருக்குப் போய்விடும்.

"என் தம்பி சிசெத் போன வருஷம் ஆகஸ்ட்ல போயிட்டான்" என்றாள் கிமேத்தா. "அந்த வருஷம் துக்கம்னு அடுப்பே பத்த வைக்கல. இந்த ஞாயித்துக்கிழமை சங்கம் கூடுது. நான் ஒருத்திதான் மிச்சம்."

"ஃபுமேரா வீட்டுல யாரு?" என்றாள் பாஸ்.

"பல்தீரி. ஸ்ஸ்ஸ்னு மொதல்ல ஆரம்பிச்சவனே அவன்தான். அகப்பை கைக்கு வந்தா விறகு வேண்டாமாம், கேஸ் அடுப்பாம். எலும்பு வேண்டாமாம், பொடியக் கரைச்சு ஊத்தப் போறானாம்." அவள் குரல் முதன்முறையாக உடைந்தது. "பொடிய, ஐயா."

நான் உப்புக் கருவாட்டு வியாபாரியின் மகன். சந்தையில் அழுகிற வாடிக்கையாளர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பாதிப் பேர் விலை குறைப்பதற்காக அழுவார்கள். இது அந்த அழுகை இல்லை.

பாஸ் அதற்குள் கணினியைத் திறந்திருந்தாள். அரசாங்கத்தின் புள்ளிவிவரத் துறை, எந்தக் குடும்பப் பெயர் எந்த வட்டத்தில் எத்தனை பேருக்கு இருக்கிறது என்று பட்டியல் போட்டு வைத்திருக்கிறது. வேலையில்லாத நாட்களில் அதைப் படிப்பது பாஸின் பொழுதுபோக்கு.

"மாத்தமோஸ்கஸ், முதல் பெயரா இருக்கறவங்க மொத்தம் அஞ்சு பேர்" என்று வாசித்தாள். "பார்சலோனால ரெண்டு, லெய்தால ஒண்ணு, நம்ம வட்டத்துல ரெண்டு."

"பார்சலோனால இருக்கறது சிசெத்தோட பொண்ணுங்க" என்று கிமேத்தா விரல் மடக்கினாள். "லெய்தால என் சித்தப்பா மகன், பாதிரியார். இங்க நான் ஒண்ணு, சிசெத் ஒண்ணு."

"இது இந்த ஜனவரிக் கணக்கும்மா. உங்க தம்பி போனது அதுக்கு முந்தின ஆகஸ்ட்."

ஓர் ஈ சாசேஜைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனது.

"அப்ப இன்னொண்ணு யாரு?" என்றாள் கிமேத்தா.

வெள்ளிக்கிழமை காலை சான் கிராவுக்குப் போனோம். ஊராட்சி அலுவலகத்தில் ஜிரோனாவிலிருந்து வாரம் இரண்டு நாள் வந்துபோகும் ஒரு எழுத்தர் இருந்தார். ஊர்க்காரர்களில் யார் முகமும் அவருக்குத் தெரியாது, கணினியைத்தான் தெரியும்.

"பேரச் சொல்ல முடியாது, சட்டம் இருக்கு" என்றார்.

"பேரு வேண்டாம்" என்றேன். "எண்ணிக்கை மட்டும் சொல்லுங்க. இந்த ஊர்ல மாத்தமோஸ்கஸ் எத்தனை?"

யோசித்தார். தட்டினார். "ரெண்டு" என்று சொல்லிவிட்டு, அதையும் சொல்லியிருக்கக் கூடாதோ என்று உதட்டைக் கடித்துக்கொண்டார்.

ஆக, ஆள் ஊரிலேயே இருக்கிறான். முந்நூறு பேர் உள்ள ஊரில் ஒருவனைக் கண்டுபிடிப்பது சுலபம் என்று நினைத்தேன். அடுத்த கதவே பேக்கரி. ரொட்டிக்காரியிடம், எதிர்வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்த பெரியவரின் குடும்பப் பெயரைக் கேட்டேன்.

"அவரு மில்லு வீட்டு பெரெத்" என்றாள்.

"அது வீட்டுப் பேரு. கார்டுல என்ன பேரு?"

"எனக்கெப்படித் தெரியும்? அவரு கார்டை நான் ஏன் பாக்கறேன்?"

"சரி, உங்க மச்சான் கார்டுல?"

அவள் மாவுக் கையை இடுப்பில் வைத்து உண்மையாகவே யோசித்தாள். "கொல்லன் வீட்டுக்காரன்னுதான் சொல்லுவோம். இருபத்தெட்டு வருஷமா மச்சான். இதுவரைக்கும் தேவைப்படல."

எங்கள் கிராமங்களில் இதுதான் வழக்கம். மனிதனுக்குப் பெயர் கொடுப்பது அப்பன் இல்லை, வீடு. நீ எந்த வீட்டில் படுத்து எழுகிறாயோ அந்த வீட்டுப் பெயர்தான் உனக்கு. காகிதத்தில் உள்ள பெயர் அரசாங்கத்துக்கும் கடவுளுக்கும் மட்டும். கல்லறையில்கூட வீட்டுப் பெயரைத்தான் பொறிக்கிறார்கள்.

"போற போக்கப் பாத்தா முந்நூறு பேரோட பர்ஸையும் திருடணும் போலிருக்கு, பாஸ்."

"கடைசி வழியா வச்சுக்கலாம்" என்றாள் பாஸ்.

ரொட்டிக்காரிதான் வழி காட்டினாள், தெரியாமலே. "பேரு பேருன்னு நீங்களும் அந்தப் புது நர்ஸ் மாதிரியே இருக்கீங்க" என்றாள். "பழைய நர்ஸ் நம்ம ஊரு, வீட்டுப் பேரச் சொல்லிக் கூப்பிடுவா. இது எங்கேயோ தெற்கே ஆந்தலூசியாவாம். போன வெள்ளிக்கிழமை காகிதத்தப் பாத்துப் பேரு வாசிச்சுது. அரை மணி நேரம் ஒருத்தரும் எழுந்திருக்கல. ஊர்ல எல்லாரும் செவிடுன்னு எழுதிட்டுப் போயிடுச்சு."

பாஸ் என்னைப் பார்த்தாள். நான் பாஸைப் பார்த்தேன். இன்றைக்கும் வெள்ளிக்கிழமை.

சதுக்கத்தைக் கடக்கும்போது பல்தீரியைப் பார்த்தோம். அறுபத்தாறு வயது, கட்டைப் பிரம்மச்சாரி, மீசை மட்டும் இரண்டு பேருக்குப் போதும். புத்தம்புது கேஸ் அடுப்பைப் பற்ற வைத்து அழகு பார்த்துக்கொண்டிருந்தார்.

"கிமேத்தா கூட்டிட்டு வந்த ஆளுங்களா? தேடுங்க, நல்லாத் தேடுங்க" என்றார். "ஒரு ஈதான் மிச்சம். அதுக்கும் ஞாயித்துக்கிழமையோட ரெக்கை போச்சு. ஸ்ஸ்ஸ்ஸ்." அடுப்பை அணைத்துவிட்டு மணியைப் பார்த்தார். "ரத்த அழுத்தம் பாக்கணும். வரட்டா?"

கிளினிக்கில் வெள்ளிக்கிழமை என்றால் அறுபது தாண்டிய எல்லோரும் ஆஜர். நோய் இருக்கிறதோ இல்லையோ, அரட்டை இருக்கிறது. எங்களை நீக்கிப் பதினான்கு பேர். நர்ஸ் ரோசியோ கையில் பட்டியலோடு வந்து நின்றாள். "பதினாலு பேரு. இன்னிக்காவது எழுந்திருங்க" என்றாள். "வில்லனோவா."

யாரும் அசையவில்லை.

"வில்லனோவா யாருங்க?"

ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மெதுவாக ஒரு கிழவர் பர்ஸை எடுத்துத் தன் கார்டைப் படித்தார். "நான்தாம்மா" என்று எழுந்தார். அதற்குப் பிறகு அறை முழுக்கப் பர்ஸ் திறக்கும் சத்தம். ஒரு அம்மாள் கணவரின் கார்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "இத ஏன் எங்கிட்ட சொல்லல?" என்று தோளில் தட்டினாள். அவர், "நீ கேக்கல" என்றார்.

எட்டாவதாக வந்தது. "மாத்தமோஸ்கஸ்."

"கிமேத்தாக்கா வரலையே" என்று நாலு குரல். எல்லாத் தலையும் வாசல் பக்கம் திரும்பியது. மூன்று தடவை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு ரோசியோ ஒரு கோடு போட்டு அடுத்த பெயருக்குப் போனாள்.

நான் பாஸின் காதருகே சாய்ந்தேன். "மூலையில வாயத் திறந்துகிட்டுத் தூங்கறாரே, மில்லு வீட்டுப் பெரெத். அவருதான் நம்ம ஆளு. பேரு காதுலயே விழல."

"எழுந்திருக்காதவரப் பாக்காதே, காஸ்பர்" என்றாள் பாஸ். "எல்லாரும் வாசலப் பாத்தாங்க. வாசலப் பாக்காதது யாருன்னு பாத்தியா?"

நான் பார்க்கவில்லை. நானும் வாசலைத்தான் பார்த்திருந்தேன்.

"கசாதெவாய்" என்றாள் ரோசியோ கடைசியாக. யாரோ உலுக்கினார்கள். மில்லு வீட்டுப் பெரெத் வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்து உள்ளே போனார். அறையில் மிச்சம் நாங்கள் இருவர், ஒரு மீசை. கூரையில் உள்ள விரிசலை அது உன்னிப்பாக ஆராய்ந்துகொண்டிருந்தது.

"உங்களுக்குப் பாக்கலையா?" என்றாள் பாஸ், சர்க்கரை மாதிரி.

"சும்மாதான் வந்தேன்" என்றார் பல்தீரி. "குளிர் காய." வெளியே முப்பத்தோரு டிகிரி. தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு போய்விட்டார்.

காரில் ஏறியதும், "இருக்க முடியாது பாஸ்" என்றேன். "அவரு ஃபுமேரா. அவங்கப்பா ஃபுமேரா. தாத்தா ஃபுமேரா."

"வீடு ஃபுமேரா" என்றாள் பாஸ். "ஃபுமேரா வீட்ல என்னிக்கோ ஒரு காலத்துல பையனே இல்லாம, ஒரே பொண்ணு வாரிசா இருந்திருப்பா. மாத்தமோஸ்கஸ் வீட்டு ரெண்டாவது மகன், சொத்து வராத பையன், அவளக் கட்டிக்கிட்டு அந்த வீட்டுக்குக் குடி வந்திருப்பான். வந்த அன்னிக்கே ஊரு அவன ஃபுமேரான்னு கூப்பிட ஆரம்பிச்சிருக்கும். காகிதத்துல மட்டும் அப்பன் பேரு இறங்கிக்கிட்டே வந்திருக்கு. அஞ்சு தலைமுறை போதும், யாருக்கும் ஞாபகம் இருக்காது."

"இவருக்குத் தெரியுமே."

"கார்டு இவரு பாக்கெட்லதான இருக்கு. நீ காரை எடுக்கப் போனப்ப ரொட்டிக்காரிகிட்ட விசாரிச்சேன். இவரு எப்ப ஓட்டுப் போடுவாருன்னு கேட்டேன். எப்பவும் மத்தியானம் ரெண்டு மணியாம். ஓட்டுச்சாவடியில பேரை உரக்க வாசிக்கறவங்க தவிர ஊரே சாப்பாட்டுல இருக்கற நேரம்."

எனக்கு வேறொரு சந்தேகம் வந்தது. "கல்யாணம் பண்ணா சர்ச்சுல மூணு ஞாயிறு முழுப் பேரையும் வாசிப்பாங்களே. அதுக்குப் பயந்துதான் பிரம்மச்சாரியா?"

பாஸின் முகத்தில் கொஞ்சம் பரிதாபம் ஓடியதைப் பார்த்தேன். ஒரு பள்ளிக்கூடப் பையன், மற்றவர்கள் தன் பக்கம் திரும்புவதற்கு முன்னால் முந்திக்கொண்டு ஸ்ஸ்ஸ் என்று வேறொருத்தியைக் காட்டியிருக்கிறான். அறுபது வருஷமாக நிறுத்த முடியவில்லை.

"சரி, சங்கத்துல போட்டு உடைச்சிரலாமா?"

"எத வச்சு? ஆஸ்பத்திரியில காதுல விழுந்தத வச்சா? அவரு இல்லேன்னு சொன்னா கதை முடிஞ்சுது. கார்டைக் காட்டுன்னு கேக்க நாம போலீஸ் இல்ல."

நேராகச் சங்கச் செயலாளர் அசும்தாவின் வீட்டுக்குப் போனோம். முப்பது வருஷம் மருந்துக்கடை வைத்திருந்தவள். டாக்டர் கிறுக்கியதையே திருப்பி அனுப்பித் தெளிவாக எழுதி வாங்கியவள். விதிப் புத்தகத்தை மேஜைமேல் துணி விரித்துத்தான் வைத்தாள். பழுப்பேறிய முதல் பக்கத்தை எங்களுக்குப் படித்துக் காட்டினாள். அண்டாவுக்குப் பக்கத்தில் நாள் முழுக்க நின்று, இலைக்கொத்தால் ஈ அடிப்பதற்கு ஒரு ஆளை வைத்திருக்கிறார்கள். கூலி ஒரு கிண்ணம் சூப். அவன் பெயர் தெரியாததால் 'ஈக்கொல்லி' என்றே எழுதி வைத்திருக்கிறார்கள். அடுத்த தலைமுறையில் அதுவே குடும்பப் பெயர். அதற்கடுத்த தலைமுறையில் அகப்பை அவர்கள் கையில்.

"கிமேத்தா அவ முன்னோர் தளபதின்னு சொல்லிட்டிருக்கா" என்றேன்.

"சொல்லட்டும். எனக்கென்ன" என்றாள் அசும்தா.

பாஸ் கடைசியாக எழுதப்பட்ட பக்கத்தைத் திருப்பினாள். நாற்பது வருஷத்துக்கு முன் கிமேத்தாவின் அப்பா அகப்பையை மகளிடம் ஒப்படைத்த நாள். நாலு வரி, இரண்டு கையெழுத்து. பாஸ் அதை நெடுநேரம் பார்த்தாள். பிறகு புத்தகத்தை மூடி, "ஞாயித்துக்கிழமை நாம வாயே திறக்க வேண்டாம், காஸ்பர்" என்றாள். "அவரு ஜெயிக்கட்டும்."

ஞாயிறு பன்னிரண்டு மணி. சர்ச்சில் பூசை முடிந்து ஊரே சங்கக் கூடத்தில் அடைந்திருந்தது. வெளியே சதுக்கத்தில் அண்டா கொதித்துக்கொண்டிருந்தது; தீர்ப்பு வரும்வரை கிமேத்தாதான் விடியற்காலை முதல் கிளறியிருந்தாள். கையில் அகப்பையோடு முன் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். எங்களை ஒரு முறை பார்த்தாள். நாங்கள் அவளுக்கு ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. அந்தப் பார்வையில் சாசேஜைத் திருப்பிக் கேட்கிற கோபம் இருந்தது.

"மாத்தமோஸ்கஸ் பேர்ல இரண்டாவது ஆள் யாராவது இருக்கீங்களா?" என்றாள் அசும்தா.

பின் வரிசையில் யாரோ ஸ்ஸ்ஸ் என்றார்கள். பல்தீரி மீசையைத் தடவிக்கொண்டார்.

"இல்லேன்னா விதிப்படி அகப்பை ஃபுமேரா வீட்டுத் தலைவருக்கு."

கிமேத்தா எழுந்தாள். போய் அகப்பையை பல்தீரியின் கையில் வைத்தாள். அவள் விரல்கள் விட மறுத்து, ஒவ்வொன்றாக விட்டன. நான் எழப் போனேன். பாஸ் அசையவில்லை.

பல்தீரி அகப்பையை உயர்த்திக் காட்டினார். கைதட்டல் கிளம்பியது.

"இருங்க" என்றாள் அசும்தா. "வாங்கறவர் இதுல எழுதிக் கையெழுத்துப் போடணும்."

"அதுக்கென்ன." பேனாவை வாங்கினார். "பல்தீரி ஃபு..."

"வீட்டுப் பேரு இல்ல. முழுப் பேரு. அப்பா பேரு, அம்மா பேரு, ரெண்டும். போன தடவை கிமேத்தா அப்படித்தான் எழுதியிருக்கா."

"கண்ணாடி எடுத்துட்டு வரல" என்றார் பல்தீரி.

அசும்தா தன் கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தாள்.

"கை நடுங்குது."

"நீங்க சொல்லுங்க, நான் எழுதறேன்."

"எல்லாருக்கும் தெரிஞ்ச பேருதான, அசும்தா..."

"எனக்குத் தெரியாது. கார்டைக் குடுங்க, பாத்து எழுதிக்கறேன்."

"வீட்ல இருக்கு."

"எதிர்லதான வீடு? காத்திருக்கோம்."

என் அப்பா சந்தையில் கடைசி விலையைச் சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். அசும்தா அப்படி நின்றாள். பல்தீரி அகப்பையைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். கதவில் ஐம்பது பேர் நின்றார்கள். மீசைக்குள் ஏதோ முணுமுணுத்தார்.

"சத்தமா."

"மாத்தமோஸ்கஸ்" என்றார் பல்தீரி. "பல்தீரி மாத்தமோஸ்கஸ் சதுர்னீ."

கூடத்தில் அண்டா கொதிக்கும் சத்தம் கேட்டது. பிறகு ரொட்டிக்காரி சிரித்தாள், அவ்வளவுதான், சுவர் நடுங்கியது. அசும்தா மட்டும் சிரிக்கவில்லை. பக்கத்தைப் பின்னால் புரட்டினாள், விதியை விரலால் தொட்டாள்.

"கிமேத்தா ஒண்ணு. நீங்க ரெண்டு. பேர் இருக்கு, ஆளும் இருக்கு. அகப்பை மாத்தமோஸ்கஸ் வீட்லயே இருக்கும். திருப்பிக் குடுங்க."

அவர் கொடுக்கவில்லை. இறுகப் பிடித்துக்கொண்டு நின்றார். முகம் வெளுத்திருந்தது. நான்தான் பக்கத்தில் போனேன். பேரம் பேசுவது எங்கள் குடும்பத் தொழில்.

"விடறதுக்கு என்ன வேணும் உங்களுக்கு?" என்றேன்.

"ஒரு மணிக்கு ரெண்டு பஸ் வருது" என்றார், எனக்கு மட்டும் கேட்கும்படி. "பார்சலோனாலேருந்து. தொண்ணூத்தி நாலு பேரு. கிராமத்து சூப்னு சொல்லி வரச் சொல்லிட்டேன். பொடி கரைச்சா எவ்வளவு வேணா ஊத்தலாம்னு நெனச்சேன். இப்ப அவங்க முகத்துல எப்படி முழிப்பேன்?"

கிமேத்தாவுக்கும் கேட்டுவிட்டது. நாற்பது வருஷம் கொதிக்கிற அண்டாவுக்குப் பக்கத்தில் நின்ற காது அது. ஜன்னல் வழியாக அண்டாவைப் பார்த்தாள், உதடு அசைய ஏதோ கணக்குப் போட்டாள். பிறகு வந்து அகப்பையைப் பிடித்து இழுத்தாள். இந்தத் தடவை அவர் விட்டுவிட்டார்.

"முட்டைக்கோஸ் என் வீட்ல ஆறு இருக்கு. உன் வீட்ல?"

"பத்து" என்றார் பல்தீரி.

"எலும்பு?"

"வாங்கலாம்."

வெளியே முதல் பஸ்ஸின் ஹாரன் கேட்டது. அவர் வாசலைப் பார்த்துத் திடுக்கிட்டார். கிமேத்தா மேலங்கியின் கையை முழங்கைவரை சுருட்டிக்கொண்டாள்.

"ஒரே குடும்பம்னு ஆயிடுச்சு, அப்புறம் என்ன வேடிக்கை" என்றாள். "அண்ணே, அந்த கேஸ் அடுப்பத் தூக்கிட்டு வா. ரெண்டாவது அண்டா வைக்கணும்."